தவிட்டுக்கு விற்ற பிள்ளையின் கேஸ் பேப்பர்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். மேசைக்கு அந்தப்பக்கம் பெரிய டாக்டர். அவர் தோளுக்குப் பின்னால் ஒரு மலையாளி நர்ஸ். இந்தப்பக்கம் ஸ்டூலில் பதினோரு வயதான என் மகள். அவளுக்கு வலது பக்கம் என் மனைவி, இடது பக்கம் நான். கதவுக்கு வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள் இருந்தார்கள், ஆனால் உள்ளே பேசியது அவர்களுக்குக் கேட்டிருக்காது. இதை ஏன் இவ்வளவு திருத்தமாகச் சொல்கிறேன் என்றால், டாக்டர் என்ன சொன்னார் என்பதில் பிற்பாடு எனக்கும் என் மனைவிக்கும் ஒத்துப்போகவில்லை. 'ஒரு வாரத்துக்குள்' என்று சொன்னதாக நான் சொல்வேன். 'சீக்கிரம்' என்று மட்டும்தான் சொன்னார் என்று அவள் சொல்வாள். மூன்றாவது ஆளாகக் கேட்பதற்கு அந்த நர்ஸ்தான் உண்டு. நர்ஸை நான் அதற்கப்புறம் பார்க்கவில்லை.

மழை விட்டு வெயில் ஏறிக்கொண்டிருந்த மாதம். அறுபத்தாறோ அறுபத்தேழோ. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன், வருஷங்களை அப்போது பார்த்த வேலையை வைத்துத்தான் ஞாபகம் வைத்திருக்கிறேன். மாதுங்காவில் ஒரு காப்பிப்பொடிக் கடையில் மிஷினில் கொட்டை அரைத்துக்கொண்டிருந்த காலம் அது. வீடு தாராவியில். மகளுக்குச் சில மாதங்களாக மூச்சு வாங்கியது. குழாயடியிலிருந்து ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்தால் வாசற்படியில் உட்கார்ந்துவிடுவாள். பேச்சு வராது, கையை மட்டும் ஆட்டி, இரு, இரு என்பாள். படுத்தால் இருமல், அதனால் சுவரில் சாய்ந்தே தூங்குவாள். நான் விழித்துக்கொண்டு அவள் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். "நீங்க பாத்துக்கிட்டு இருந்தா மட்டும் அது நேராயிருமா, படுங்க" என்பாள் மனைவி. அவளும் தூங்கியிருக்க மாட்டாள்.

டாக்டர் இங்கிலீஷில் சொன்னதை நர்ஸ் தன் தமிழில் எங்களுக்குச் சொன்னாள். "நெஞ்சிலே ஒரு வாதில் உண்டு, கதவு போலே." இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துவைத்து நூலளவு திறந்து காட்டினாள். "இவளுக்கு இத்தரதான் திறக்குந்து. சார் சொல்லுந்து, ஆபரேஷன் செய்தா சரியாகும். பயப்பட வேண்டா."

"நெஞ்சக் கிழிச்சா?" என்றாள் என் மனைவி. மகள் குனிந்து தன் சட்டைப் பொத்தானைப் பார்த்தாள்.

முன்பு எப்போதாவது ஆஸ்பத்திரியில் கிடந்தாளா என்று டாக்டர் கேட்டார். ஐந்து வயதில் காய்ச்சலும் மூட்டு வீக்கமுமாக முனிசிபாலிட்டி ஆஸ்பத்திரி ஒன்றில் மூன்று வாரம் கிடந்ததைச் சொன்னோம். அங்கே ஓர் ஊசி போட்டவுடன் முகமெல்லாம் வீங்கி, மூச்சு நின்று, நாலு டாக்டர்கள் ஓடிவந்ததையும் சொன்னோம்.

"என்ன ஊசி?"

"வெள்ளையா இருந்துச்சு" என்றேன்.

"மஞ்ச" என்றாள் மனைவி.

"வெள்ளதான், நான் பாத்தேனே."

"நீங்க எங்க பாத்திய? வராந்தாவுல நின்னு கண்ண மூடிக்கிட்டுல்ல நின்னிய."

நர்ஸ் இதை டாக்டருக்குச் சொன்னாளோ என்னவோ, அவர் பேனாவைக் கீழே வைத்தார். அந்த மருந்து எதுவென்று தெரியாமல் கத்தி வைக்கமாட்டேன், ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் ஊசிகள் போடவேண்டும், அதில் அதுவும் இருந்துவிட்டால் அங்கேயே உயிர் போய்விடும் என்றார். பழைய கேஸ் பேப்பரின் நகல் வேண்டும். "வாய்கொண்டு சொன்னா சார் எடுக்கில்லா" என்றாள் நர்ஸ். "அங்கத்தெ டாக்டர் ஒப்பும் சீலும் வேணும்." நகல் வந்தவுடன் பெட் தருவதாக டாக்டர் சொன்னார். அதை எத்தனை நாளுக்குள் கொண்டுவர வேண்டும் என்று சொன்னதில்தான் எனக்கும் மனைவிக்கும் ஒத்துப்போகாதது.

எத்தனையோ பேர் வாங்கியிருக்கும் ஒரு காகிதம்தான். பெயரைச் சொல்லிக் கேட்டால் தேடித் தந்துவிடுவார்கள். எங்கள் சங்கடம் அந்தப் பெயரில்தான் இருந்தது. பஸ் ஸ்டாப்புக்கு வரும்வரை நானும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

இவளுக்கு முன்னால் பிறந்த இரண்டும் எங்களுக்குத் தங்கவில்லை. இவளுக்கு அந்த ஐந்து வயதுக் காய்ச்சல் ஏறியபோது என் மனைவி மருந்துக்கடைக்கு ஓடவில்லை, எதிர் வரிசை அறைக்கு ஓடினாள். அங்கே இருந்தவர் தோல் பட்டறையில் பெல்ட் தைக்கிற ஒரு பாய். அவரும் திருநெல்வேலிப் பக்கம்தான். அவர் மனைவி எங்களைவிடப் பத்து வயது மூத்தவர், என் மனைவி அக்கா என்பாள். அந்த அம்மாவுக்குப் பிள்ளை இல்லை. "அக்கா, இவள நீங்க தவிட்டுக்கு வாங்கிக்கோங்க" என்று என் மனைவி நின்றாள். நம் பிள்ளை இல்லை, விற்றாகிவிட்டது என்று ஆகிவிட்டால், பிள்ளையைக் கொண்டுபோக நம் வீட்டைத் தேடி வருகிறது வந்த வழியே போய்விடும் என்பதுதான் கணக்கு. ஊரில் செய்வது. பம்பாயில் செய்தால் செல்லுமா என்று நான் கேட்டேன்.

"எங்க வீட்டு மனுசன் ஏசுவாவ" என்றார் அந்த அம்மா. சொல்லிவிட்டு உடனே புறப்பட்டுப்போய்ச் சந்து முனையில் பால் கறந்து விற்கிற வடக்கத்திப் பய்யாக்களின் எருமைத் தொழுவத்தில் ஒரு முறம் தவிடு வாங்கி வந்தார். மாட்டுக்கு வைக்கிற முரட்டுத் தவிடு. அதை என் மனைவியின் முந்தானையில் கொட்டி, பிள்ளையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டார். "வாங்கியாச்சி. இனிமே இது எம் புள்ள. எனக்கு நல்லாப் பாத்து வளத்துக் குடு, என்னா?" என்றார். என் மனைவி தலையை ஆட்டினாள். சாயங்காலம் பாய் வந்து ஏசவில்லை. "ஒரு மொறந்தானா குடுத்த? எம் மவளுக்கு ஒரு மூட குடுத்திருக்கலாமே" என்றார்.

மறுநாள் காய்ச்சல் இன்னும் ஏறியது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனது அந்த அம்மாதான். விற்றவள் தூக்கக்கூடாது என்று என் மனைவி அன்றைக்கு வீட்டிலேயே நின்றுவிட்டாள், மறுநாளிலிருந்து பார்க்க வருகிறவளாகத்தான் வந்தாள். நான் குடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். கவுண்டரில் அப்பன் பெயர் கேட்டார்கள். அந்த அம்மா தன் கணவர் பெயரைச் சொன்னார். பிள்ளை பெயர் கேட்டார்கள். பாயின் காலமான தாயாரின் பெயரைச் சொன்னார். கேஸ் பேப்பரில் அப்படியே ஏறியது. அப்போது எனக்கு அது பெரிதாகப் படவில்லை. பிள்ளை பிழைத்து வந்தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டையும் அந்த அம்மாதான் பத்திரமாக வைத்திருந்தார், தாய் அவர்தானே. பிறகு அவர்கள் இருந்த வரிசையை இடித்தபோது மான்குர்துக்குப் போனார்கள், அந்த இடிபாட்டில் சீட்டும் போய்விட்டது.

பஸ்ஸில் மகள் ஜன்னலில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். மனைவி என் காதருகில் சொன்னாள்: "போங்க, வாங்கிட்டு வாங்க. ஆனா அங்கன போயி அது நம்ம புள்ளன்னு மட்டும் சொல்லிராதிய. இத்தன வருசம் கட்டிக் காத்தாச்சி. இந்த நேரத்துல நம்ம வாயால கெடுத்துக்கிட வேண்டாம்."

"அப்ப நான் யாருன்னு சொல்ல?"

"என்னமும் சொல்லுங்க."

அந்த ஆஸ்பத்திரியின் ரெக்கார்டு ரூம் பின்கட்டில், துணி வெளுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போய் நின்றேன். கிளார்க் ஒரு மராட்டிக்காரர், நல்ல வயசானவர், கதர்த் தொப்பி போட்டிருந்தார். கேஸ் நம்பர் கேட்டார். இல்லை என்றேன். தேதி கேட்டார். தீபாவளிக்கு முந்தி என்றேன்.

"தீவாளி ஹர் சால் ஆத்தா ஹை, பாபா" என்று சிரித்தார். வருஷா வருஷம் வருகிற பண்டிகையை வைத்து எந்தக் கட்டைப் பிரிப்பது? நான் விரல்விட்டு எண்ணி, மகளின் வயதிலிருந்து பின்னோக்கிக் கழித்து ஒரு வருஷத்தைச் சொன்னேன். அது தப்போ என்று உடனே பயம் வந்து அடுத்த வருஷத்தையும் சொன்னேன். அவர் முனகிக்கொண்டே உள்ளே போனார். மத்தியானம் வரைக்கும் நின்றேன். தூசியோடு ஒரு கட்டைக் கொண்டுவந்து மேசையில் போட்டார். நான் சொன்ன பெயர், ஐந்து வயசு, அப்பன் பெயர், எல்லாம் இருந்தது. எனக்கு அந்த மனிதரின் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது.

"தும் கோன்?" என்றார்.

நான் யார். வாய்க்கு வந்ததை விழுங்கினேன். என் மனைவி பஸ்ஸில் சொன்னது காதில் இருந்தது. "படோசி" என்றேன். பக்கத்து வீட்டுக்காரன்.

அவர் கட்டை மறுபடி நூலால் கட்ட ஆரம்பித்தார். பக்கத்து வீட்டுக்காரனுக்கு எப்படித் தருவது? "பாப் கோ லேகே ஆவ்" என்றார். அப்பனைக் கூட்டிக்கொண்டு வா.

நான்தான் அப்பன் என்று சொல்லியிருந்தால் தந்திருப்பாரா என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். தந்திருக்க மாட்டார். காகிதத்தில் இருக்கிற பெயரும் என் பெயரும் இரண்டு மதம். ஏமாற்றுக்காரன் என்று போலீசைக்கூடக் கூப்பிட்டிருப்பார். மதராஸிகள் பம்பாயை அடைத்துக்கொண்டார்கள் என்று ரயிலிலேயே ஏசுகிற வருஷங்கள் அவை. இப்படி நியாயம் சொல்லிக்கொள்கிறேன், அடுத்த நாள் மறுபடி யோசிக்கிறேன்.

மறுநாள் குர்லா போய் ரயில் மாறி மான்குர்துக்குப் போனேன். வீடு தெரியாது. மசூதிக்குப் பக்கம், பெல்ட் தைக்கிற திருநெல்வேலி பாய் என்று விசாரித்து விசாரித்துப் போய்ச் சேர்ந்தேன். அந்த அம்மா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"எம் புள்ள நல்லாருக்காளா?"

அதற்குப் பதிலாகத்தான் எல்லாவற்றையும் சொல்ல ஆரம்பித்தேன். பாய் பட்டறையை விட்டுவிட்டுப் பாண்டுப்பில் ஒரு கம்பெனியில் வாட்ச்மேனாக இருந்தார், வேலை அங்கேயே தங்கல், வெள்ளிக்கிழமைதான் வருவார். பாண்டுப்பில் எந்தக் கம்பெனி என்று அந்த அம்மாவுக்குத் தெரியவில்லை. "பெரிய கேட்டு இருக்குமாம், அது ஒண்ணுதான் தெரியும்" என்றார். அடுத்த நாள் பாண்டுப்புக்கும் போய்ப் பார்த்தேன். அங்கே எல்லாக் கம்பெனிக்கும் பெரிய கேட்டுதான். திரும்பி வந்தபோது மகள் என்னைப் பார்த்து, "எப்பா, ஒங்களுக்கும் மூச்சு வாங்குதே" என்றாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைக்கே வந்துவிட்டார் பாய். மிஷின் சத்தத்தில் அவர் கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லை. முதலாளிதான் தோளைத் தட்டிக் காட்டினார். தொழுகை முடித்த தொப்பியோடு வாசலில் நின்றார். "அண்ணாச்சி, என்னத்துக்கு நீங்க பாண்டுப்புல்லாம் அலைஞ்சிய? ஒரு ஆளுகிட்ட சொல்லி அனுப்பினா ஓடியாந்திருக்க மாட்டனா?" பிறகு, "நாளைக்கு லீவு சொல்லிட்டேன்" என்றார். லீவு சொன்னதற்குச் சம்பளம் பிடிப்பார்கள். அதை அவர் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலையில் இரண்டு பேரும் ரெக்கார்டு ரூமில் நின்றோம். பாய் மேசையை ஒட்டி நின்றார், நான் இரண்டடி தள்ளி, சுவரோரம். கிளார்க் என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"லட்கி கோன் ஹை துமாரி?" பெண் உனக்கு என்ன வேண்டும் என்று பாயைக் கேட்டார்.

"மேரி பேட்டி" என்றார் பாய். என் மகள்.

யோசிக்காமல் சொன்னார். வயது கேட்டதற்குச் சொன்னார். என்ன சீக்கு என்று கேட்டதற்குச் சொன்னார். இப்போது எப்படி இருக்கிறாள் என்று கிளார்க் கேட்டபோது பாய் திரும்பி என்னைப் பார்த்தார். நான் பார்வையைத் தாழ்த்திக்கொண்டேன். "ஆபரேஷன் ஹை" என்று மட்டும் சொன்னார் பாய். கிளார்க் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை, கட்டைப் பிரித்தார். காகிதம் வெளியே போகக்கூடாது, கேட்டில் ஒரு டைப்பிஸ்ட் இருக்கிறார், அவரைக் கூட்டி வந்து இங்கேயே அடிக்கச் சொல்லுங்கள், ஆஸ்பத்திரி டாக்டர் நாலு மணிக்கு வந்து கையெழுத்துப் போடுவார் என்றார். எக்ஸ்-ரே படத்தைக் கேட்டோம். அத்தனை பழையது இருக்காது என்றார்.

டைப்பிஸ்ட் மாதுங்காவிலிருந்து வருகிற ஒரு பெரியவர். நெற்றியில் விபூதி, ரிட்டயர் ஆனவர், மரப்பெட்டியோடு மிஷினைத் தூக்கிவந்து ரெக்கார்டு ரூம் மூலையில் உட்கார்ந்தார். பக்கத்துக்கு எட்டணா என்றார். எல்லாம் முடிந்தபிறகு கொடுத்தால் போதும் என்றார். பேப்பரைக் கண்ணுக்கு அருகே பிடித்தார்.

"என்னய்யா எழுத்து இது! கொழந்தைக்கு வைத்தியம் பண்ணினானா, கோழியைப் பிடிச்சு நடக்கவிட்டானா?"

பாய் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அதுல ஊசி பேரு இருக்கா சாமி? மூச்சு நின்ன அன்னைக்குப் போட்டது?" என்று கேட்டேன். பக்கங்களைப் புரட்டினார். "இருக்கு, இருக்கு. சிவப்பு மசியில கோடு போட்டுன்னா எழுதியிருக்கான். கவலைப்படாதேயும்." சற்று நேரம் கழித்து மறுபடி கேட்டேன். மூன்றாவது தடவை கேட்டபோது மிஷினை நிறுத்திவிட்டார்.

"யாரோட கொழந்தை?"

"எம் மவ" என்றார் பாய்.

"நீர்?"

"பக்கத்து வீடு."

அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "பக்கத்தாத்துக்காரர் மூஞ்சியைப் பார்த்தா பெத்தவர் மாதிரின்னா இருக்கு" என்று சொல்லிவிட்டு மறுபடி அடிக்கத் தொடங்கினார். நான் எழுந்து வெளியே வந்து வெளுத்த துணிகள் காய்கிற இடத்தில் நின்றேன்.

இரண்டு மணி வாக்கில் பதினாறு பக்கமும் முடிந்தது. கையெழுத்துப் போடும் டாக்டருக்காகக் காத்திருக்கவேண்டும். பாய் சொன்னார்: "நீங்க வீட்டுக்குப் போங்க அண்ணாச்சி. பாப்பா பக்கத்துல இரிங்க. நான் ஒப்பு வாங்கிட்டு நேரா அங்க கொண்டாரேன். அப்பன் நாந்தான, நீங்க இருந்து என்னத்துக்கு?" வேடிக்கையாகத்தான் சொன்னார். டைப்பிஸ்டுக்குக் கொடுக்க என்னிடம் அப்போது முழுப்பணம் இல்லை. சாயங்காலம் தருகிறேன் என்றேன். அதெல்லாம் பாத்துக்கிடலாம், போங்க என்றார்.

சயானில் இருந்த அந்த ஆஸ்பத்திரியிலிருந்து தாராவிவரை நடந்தே வந்தேன். இப்படி லேசாக நான் நடந்து பல மாதமாகியிருந்தது. காகிதம் கிடைத்துவிட்டது, திங்கட்கிழமை பெரிய ஆஸ்பத்திரி, பெட், ஆபரேஷன். அதற்குமேல் கவலைப்பட எனக்கு அன்று ஒன்றுமே தோன்றவில்லை. வாழைப்பழம் வாங்கினேன்.

மகள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மனைவி விசிறிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"எப்பா, அந்தப் பேப்பர்ல எம் பேரு என்னன்னு போட்டிருக்கு?"

அவளுக்குத் தவிட்டு விஷயம் தெரியும், ஆஸ்பத்திரியில் கொடுத்த பெயர் தெரியாது. நான் மனைவியைப் பார்த்தேன். அவள் விசிறியை நிறுத்தவில்லை. மகளின் காதில் அந்தப் பெயரைச் சொன்னேன். அவள் அதைத் தன் வாயால் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். மூச்சுக்கு நடுவில் சிரித்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. அப்ப நான் ரெண்டு பேரா? ஒருத்திக்கு ஆபரேஷன் பண்ணட்டும், ஒருத்தி வீட்டுல இருந்துக்கிடுதேன்."

"பேசாத, மூச்சு வாங்கும்" என்றாள் என் மனைவி.

பழத்தில் பாதி தின்றாள். விளக்கு வைக்கிற நேரத்தில் இருமத் தொடங்கினாள். அந்த இருமல் நிற்கவில்லை. வாயோரம் நுரை இளஞ்சிவப்பாக வந்தது. டாக்ஸி பிடிக்க மெயின் ரோட்டுக்கு ஓடினேன். முதல் டாக்ஸி தாராவி என்றதும் போய்விட்டது. இரண்டாவதைக் கெஞ்சிச் சந்து முனைவரை கொண்டுவந்தேன். உள்ளே ஓடியபோது பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லோரும் எங்கள் வாசலில் நின்றார்கள். ஒருத்தி எனக்கு வழிவிட்டு ஒதுங்கிய விதத்திலேயே தெரிந்துவிட்டது. டாக்ஸிக்காரன் கொஞ்ச நேரம் ஹார்ன் அடித்துவிட்டுப் போய்விட்டான்.

பாய் அதற்குப் பிறகுதான் வந்தார். டாக்டர் நாலு மணிக்கு வராமல் ஆறு மணிக்கு வந்திருக்கிறார். பதினாறு பக்கமும் கையெழுத்தும் சீலும் போட்டு, மடங்கிவிடாமல் ஒரு செய்தித்தாளுக்குள் வைத்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்தார். வாசலில் கூட்டத்தைப் பார்த்து, "என்ன, என்ன?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார். அவளைப் படுக்க வைத்திருந்தோம். மாதக்கணக்கில் படுக்காத பிள்ளை மல்லாந்து படுத்திருந்தாள். பாய் அந்தக் காகிதத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். கடைசியில் நான்தான் வாங்கி அரிசிப் பானைமேல் வைத்தேன்.

காலையில் மான்குர்திலிருந்து அந்த அம்மா வந்தார். சந்து முனையிலிருந்தே சத்தம் கேட்டது. "வளத்துக் குடுன்னு சொன்னனே, எம் புள்ளைய எனக்கு வளத்துக் குடுன்னு சொன்னனே" என்று மார்பில் அடித்துக்கொண்டு வந்து என் மனைவியின்மேல் விழுந்தார். அதுவரை அழாத என் மனைவி அப்போதுதான் அழுதாள். "நான் யாருகிட்டயும் நம்ம புள்ளன்னு சொல்லலியே அக்கா. இவுகளும் சொல்லலியே. பெறவு எப்படி கண்டுபிடிச்சிச்சி?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

எங்கள் வழக்கப்படி கலியாணமாகாத பிள்ளையைப் புதைப்போம். குழியில் முதல் பிடி மண்ணைப் பாய்தான் போடவேண்டும் என்று மனைவி வீட்டிலேயே சொல்லி அனுப்பியிருந்தாள். எங்கள் ஆட்களில் இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். பாய் தொப்பியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார், பிறகு எடுத்து மறுபடி போட்டுக்கொண்டார். குனிந்து மண்ணை எடுத்தார். நான் அவருக்கு அடுத்து எடுத்தேன்.

அந்தக் காகிதத்தை நான் யாரிடமும் காட்டிப் படிக்கச் சொல்லவில்லை. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. அந்த ஊசியின் பெயர் என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மழைக்காலங்களில் ஈரம் படாமல் இடம் மாற்றி மாற்றி வைத்தேன். ஒரு தடவை மனைவி அதை எடுத்து, எந்தப் பக்கத்தில் பெயர் இருக்கிறது என்று மட்டும் கேட்டாள். முதல் பக்கத்தில் மேலே என்று காட்டினேன். விரலை அந்த இடத்தில் சிறிது நேரம் வைத்திருந்துவிட்டு மடித்துவைத்தாள்.

காரியம் முடிந்து சில நாள் கழித்து டைப்பிஸ்டுக்குப் பணம் கொடுக்கப் போனேன். கேட்டருகில் வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தார். "அதுதான் செட்டில் ஆயிடுத்தே. தகப்பனார் அன்னிக்கே குடுத்துட்டாரே" என்றார். ஆபரேஷன் நல்லபடியாக ஆயிற்றா என்று கேட்டார். ஆயிற்று என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த மனிதரை அழவைத்து என்ன ஆகப்போகிறது.

அடுத்த வெள்ளிக்கிழமை மான்குர்துக்குப் போய்ப் பணத்தைப் பாயிடம் நீட்டினேன். டைப் அடித்த கூலி, ஆஸ்பத்திரியில் கட்டிய கட்டணம், ஒட்டிய ஸ்டாம்பு, எல்லாம் சேர்த்து எண்ணிக் கொண்டுபோயிருந்தேன். அவர் கையை நீட்டவில்லை.

"எம் மவ காயிதத்துக்கு நான் குடுத்தேன் அண்ணாச்சி. அதுல ஒங்களுக்கு என்ன கடன் இருக்கு?"

"பாய், நீங்க லீவு வேற போட்டிய…"

"அது எம் மவளுக்கு இல்லையா?" என்றார். குரல் கொஞ்சம் உயர்ந்தது. அந்த ஒரு தடவைதான் அவர் என்னிடம் கோபப்பட்டார். உள்ளேயிருந்து அந்த அம்மா, "அவுகள ஏசாதிய" என்றார்.

டீ குடித்தேன். எழுந்து வரும்போது பணத்தை டம்ளருக்கு அடியில் வைத்துவிட்டு வந்தேன். அடுத்த வாரம் அவர் கடைக்கு வந்து, நான் மிஷினில் இருந்தபோது, முதலாளியிடம் அதே நோட்டுகளைக் கொடுத்து, இது அண்ணாச்சியுடையது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மணியார்டர் அனுப்பினேன், வாங்காமல் திரும்பி வந்தது. பிறகு அவர்கள் ஊருக்கே போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். எந்த ஊர் என்று நான் விசாரித்துப் பார்த்திருக்கிறேன், பொட்டல்புதூர்ப் பக்கம் என்று ஒருவர் சொன்னார், தென்காசி என்று இன்னொருவர் சொன்னார்.

வாங்க மாட்டார் என்று தெரியும். வாங்கிவிட்டால் அவர் அப்பன் இல்லை என்று ஆகிவிடும். கொடுக்காமல் விட்டால் நான் இல்லை என்று ஆகிவிடுமோ என்பதுதான் என் கவலை. பதினாறு பக்கம், பக்கத்துக்கு எட்டணா, எட்டு ரூபாய். கையெழுத்துக்கும் சீலுக்கும் கட்டியது ஒரு ரூபாய். ஸ்டாம்பு பத்துக் காசு. பாய்க்கு நான் தரவேண்டிய பாக்கி ஒன்பது ரூபாய் பத்துக் காசு.